புது உடன்படிக்கை மேலானது என்றால், மல்கியாவின் சாபம் இன்னும் நம்மேல் இருக்கிறதா?

90அடிரோடு

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். தாராவியிலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு இட்லி வியாபாரம். பித்தப்பையில் கல் என்று ஆபரேஷன் செய்ததில் சேர்த்து வைத்திருந்த பணமெல்லாம் போய்விட்டது. பிறகு வீட்டுக்கு ஜெபிக்க வந்த ஊழியக்காரர் ஒருவர் (பெயர், சபை எதுவும் இங்கே வேண்டாம்) மல்கியா 3-ஆம் அதிகாரத்தை வாசித்தார். "தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு) ஒழுங்காகக் கொடுத்திருந்தால் இந்தச் செலவு வந்திருக்காது, நீங்கள் சாபத்தின்கீழ் இருக்கிறீர்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதிலிருந்து அம்மாவுக்குச் சரியான தூக்கம் இல்லை.

இதற்கு நடுவில் எங்கள் சபையில் எபிரெயர் நிருபத்திலிருந்து தொடர் செய்தி போகிறது. புது உடன்படிக்கை பழையதைவிட விசேஷித்தது என்று பாஸ்டர் வாராவாரம் சொல்கிறார். எனக்கு இந்த இரண்டும் ஒன்றோடொன்று சேரவில்லை. விசேஷித்தது என்றால் எதில் விசேஷித்தது? பழையதின் ஆசாரியன் போனான், பலிபீடம் போனது, சாபம் மட்டும் எப்படி நம்மோடு வந்தது? வசனத்தோடு சொல்லுங்கள். அம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

மாதுங்கா_நெல்லையான்

தங்கச்சி, முதலில் அம்மாவுக்குக் கலாத்தியர் 3:13-ஐ வாசித்துக் காட்டு. "கிறிஸ்து நமக்காகச் சாபமாகி, நியாயப்பிரமாணத்தின் சாபத்திற்கு நம்மை நீங்கலாக்கி மீட்டுக்கொண்டார்" என்று இருக்கிறது. பிறகு யோவான் 9. பிறவிக் குருடனைப் பார்த்து "யார் செய்த பாவம்?" என்று கேட்டவர்கள் சீஷர்களே. இவனும் செய்யவில்லை, இவனைப் பெற்றவர்களும் செய்யவில்லை என்று ஆண்டவர் அந்தக் கேள்வியையே தள்ளிவிட்டார். நோயாளியின் வீட்டுக்குப் போகிற யாரும் இந்த அதிகாரத்தை வாசிக்காமல் போகக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

இனி உன் கேள்வி. "பழைய உடன்படிக்கை" என்றதும் ஆதியாகமம் முதல் மல்கியா வரை எல்லாம் ரத்து என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். எபிரெயர் நிருபம் பேசுவது சீனாய் மலையில் செய்த உடன்படிக்கையைப் பற்றி. ஆபிரகாமுக்குக் கொடுத்த வாக்குத்தத்தம் அதற்கு முந்தியது. 430 வருஷம் கழித்து வந்த நியாயப்பிரமாணம் அந்த வாக்குத்தத்தத்தைத் தள்ளிவிடாது என்று பவுல் அடித்துச் சொல்கிறார் (கலாத்தியர் 3:17). ஆக, தேவன் முதலில் கண்டிப்பாக இருந்து பிறகு மனம் மாறி இரக்கம் காட்டினார் என்கிற கதைக்கே இடமில்லை. தொடக்கம் கிருபைதான். நடுவில் சீனாய் வந்தது.

சீனாயில் என்ன நடந்தது என்று யாத்திராகமம் 24-ஐப் பார். மோசே ஒரு பலிபீடமும் பன்னிரண்டு கோத்திரத்துக்குப் பன்னிரண்டு தூணும் நிறுத்துகிறார். வாலிபரை அனுப்பிக் காளைகளைப் பலியிடச் செய்து, இரத்தத்தில் பாதியைப் பலிபீடத்தின்மேல் தெளிக்கிறார். உடன்படிக்கையின் புஸ்தகத்தை ஜனங்கள் காதுகேட்க வாசிக்கிறார். கர்த்தர் சொன்னபடியெல்லாம் செய்வோம், கீழ்ப்படிந்து நடப்போம் என்று ஜனங்கள் சத்தியம்போலச் சொல்கிறார்கள். அதற்குப் பிறகு மீதிப் பாதி இரத்தம் அவர்கள்மேல் தெளிக்கப்படுகிறது. ஒரு பக்கம் தேவனுடைய வார்த்தை, மறுபக்கம் மனுஷருடைய "செய்வோம்". அந்த மனுஷருடைய பக்கம் எத்தனை நாள் தாங்கியது? மோசே மலையில் இருந்த நாற்பது நாளைக்குள், வணங்குவதற்குப் பொன் கன்றுக்குட்டி வந்துவிட்டது. கற்பலகைகள் பாளயத்துக்குள் வந்து சேருமுன்னே அடிவாரத்தில் உடைந்துபோயின.

இதனால்தான் எபிரெயர் 8:8 குற்றம் எங்கே என்று கவனமாகச் சொல்கிறது: "அவர்களைக் குற்றப்படுத்தி". பிரமாணம் நல்லது. அதைக் கைக்கொள்வோம் என்று சொன்ன கை பலவீனமானது.

அந்த இடத்திலேதான் எரேமியா 31:31-34 முழுவதும் எடுத்து எழுதப்பட்டிருக்கிறது. பழைய ஏற்பாட்டிலிருந்து புதிய ஏற்பாட்டில் எடுத்தாளப்பட்ட பகுதிகளில் இதுதான் மிக நீளமானது. எருசலேம் பாபிலோனியர் கையில் விழுந்துகொண்டிருந்த காலத்துத் தீர்க்கதரிசி அவர். பொ.மு. 586-இல் தேவாலயமே எரிந்துபோனது. ஜனங்கள் மறுபடியும் "செய்வோம்" என்று சொல்ல வாயில்லாமல் நின்ற நேரம். இப்போது அந்த வசனங்களில் யார் பேசுகிறார், யார் செய்கிறார் என்று மட்டும் பார். நான் என் பிரமாணத்தை அவர்கள் உள்ளத்திலே வைப்பேன், நான் அதை இருதயத்தில் எழுதுவேன், நான் அவர்கள் தேவனாயிருப்பேன், நான் அவர்கள் அக்கிரமத்தை மன்னிப்பேன், அவர்கள் பாவங்களை இனி நினையாதிருப்பேன். மனுஷன் பக்கத்திலிருந்து அங்கே ஒரு "செய்வோம்" கூட வரவில்லை. விசேஷித்த வாக்குத்தத்தங்களின்மேல் ஸ்தாபிக்கப்பட்டது என்று எபிரெயர் 8:6 சொல்வதை நான் இப்படித்தான் வாசிக்கிறேன். எல்லாப் பாரமும் அவர்மேல் இருக்கிறது.

நீ கேட்டதற்கு வருகிறேன். "கொடுத்தால் ஆசீர்வாதம், தவறினால் சாபம்" என்று ஒரு விசுவாசியின் வீட்டு நடுக்கூடத்தில் நின்று சொல்வது, அவர்களை மறுபடியும் அந்த மலையடிவாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போவது. எபிரெயர் 12:18 முதல் 24 வரை வாசி. நீங்கள் அக்கினி பற்றியெரிகிற அந்த மலையினிடத்துக்கு வந்து சேரவில்லை, சீயோனிடத்துக்கு வந்து சேர்ந்தீர்கள் என்று அங்கே எழுதியிருக்கிறது. வந்து சேர்ந்தவர்களை யாரும் திருப்பி அனுப்ப முடியாது.

கல்யாண்_ஜெபவீடு

அண்ணாச்சி சொன்னதில் பெரும்பகுதிக்கு ஆமென். ஒரு தாய் வேதனையில் இருக்கும்போது சாபம் என்று சொன்னது சரியல்ல. ஆனால் தசமபாகத்தையே சீனாயோடு சேர்த்துக் கழித்துவிட முடியாது. நியாயப்பிரமாணம் வருவதற்கு முன்பே ஆபிரகாம் சாலேமின் ராஜாவும் ஆசாரியனுமான மெல்கிசேதேக்குக்குத் தசமபாகம் கொடுத்தார் (ஆதியாகமம் 14:20). எபிரெயர் 7-ஆம் அதிகாரமே அதை எடுத்துப் பேசுகிறது. நம்முடைய ஆண்டவர் மெல்கிசேதேக்கின் முறைமையின்படி ஆசாரியர் என்றால், அவருக்குக் கொடுக்க வேண்டியதும் நிற்கிறது அல்லவா? நான் கொடுக்கிறேன், சந்தோஷமாகக் கொடுக்கிறேன், என் குடும்பம் அதனால் குறைந்துபோகவில்லை.

செம்பூர்_மறைக்கல்வி

நான் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவள், பங்கில் மறைக்கல்வி எடுக்கிறேன். எங்களிடம் புத்தகப் பெயர்கள் கொஞ்சம் மாறும். விஷயம் ஒன்றுதான் என்பதால் உங்கள் வழக்கிலேயே எழுதுகிறேன்.

கல்யாண் தம்பி சந்தோஷமாகக் கொடுப்பதை யாரும் குறை சொல்லமாட்டார்கள். எபிரெயர் 7 எதற்காக அந்தத் தசமபாகத்தைச் சொல்கிறது என்று பாருங்கள். ஆபிரகாம் கொடுத்தார், அவருடைய அரைக்குள் அப்போது ஆசாரியர்களின் முன்னோனான லேவியும் இருந்தான், ஆகையால் லேவி ஆசாரியத்துவத்தைவிட மெல்கிசேதேக்கின் ஆசாரியத்துவம் பெரியது என்று வாதம் போகிறது. இயேசுவுடைய ஆசாரியத்துவத்தின் உயர்வைக் காட்டத்தான் அந்தச் சம்பவம் அங்கே வருகிறது. சபைக்கு இவ்வளவு கொடுங்கள் என்ற கட்டளை அந்த அதிகாரத்தில் எங்கும் இல்லை. ஆபிரகாம் கொடுத்ததும் போரில் மீட்டுவந்த பொருளிலிருந்து.

மல்கியாவை எடுப்பவர்கள் முழுவதும் எடுக்க வேண்டும். இதைச் சொல்லும்போது எனக்குக் கோபமே வருகிறது. அந்தப் புத்தகத்தில் தசமபாகத்தைப் பேசுவதற்கு முன்பே சாபம் யார்மேல் வருகிறது? மல்கியா 2:1-2: "ஆசாரியர்களே" என்று கூப்பிட்டு, உங்கள் ஆசீர்வாதங்களைச் சாபமாக்குவேன் என்கிறார் கடவுள். காணிக்கை கொண்டுவந்த ஏழைகளுக்கு முன்னால் பலிபீடத்தில் நின்றவர்கள் கண்டிக்கப்படுகிறார்கள். மூன்றாம் அதிகாரத்திலும், தசமபாகம் பற்றிய 8-ஆம் வசனத்துக்கு முன்னாலேயே 5-ஆம் வசனத்தில் கூலிக்காரனுடைய கூலியை அபகரிக்கிறவர்களுக்கும், விதவைகளையும் திக்கற்ற பிள்ளைகளையும் ஒடுக்குகிறவர்களுக்கும் விரோதமாகச் சாட்சியாக வருவேன் என்று இருக்கிறது.

பழைய சட்டத்தில் தசமபாகம் எப்படி நடந்தது என்பதும் தெரிய வேண்டும். அது நிலத்தின் விளைச்சலிலும் மந்தையிலும் எடுக்கப்பட்டது (லேவியராகமம் 27:30-32). சொந்த நிலம் இல்லாத லேவியருக்குப் பிழைப்பாகக் கொடுக்கப்பட்டது (எண்ணாகமம் 18:21). உபாகமம் 14-இல் அந்தக் குடும்பமே கர்த்தருடைய சந்நிதியில் உட்கார்ந்து சாப்பிட்டுச் சந்தோஷப்பட வேண்டும் என்று இருக்கிறது. மூன்றாம் வருஷத்தில் அது ஊர் வாசலில் வைக்கப்பட்டது. லேவியன், பரதேசி, திக்கற்ற பிள்ளை, விதவை வந்து தின்று திருப்தியாக வேண்டும். அந்தச் சட்டத்தை இன்றைக்கு எழுத்துப்படி நடத்தினால், ஆபரேஷனில் எல்லாம் இழந்த ஒரு தாய் வாங்கிக்கொள்கிற வரிசையில்தான் நிற்பார். கொடுக்கவில்லை என்று அவரைச் சபிக்கப் பழைய உடன்படிக்கையிலேயே இடமில்லை. புதியதில் எங்கே இருக்கும்?

புதியதில் கொடுப்பது எப்படி என்று 2 கொரிந்தியர் 9:7 சொல்கிறது: விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல.

வாஷி_கணக்கு

எபிரெயர் 10:1-4 எனக்குப் புரிந்த விதம் இது. வருஷாவருஷம் பலி செலுத்தியது வட்டி மட்டும் கட்டி வந்தது போல. கட்டுகிற ஒவ்வொரு தடவையும் அசல் அப்படியே நிற்கிறது என்று ஞாபகம் வரும். 10:3-இல் வருஷந்தோறும் பாவங்கள் நினைவுகூரப்பட்டன என்று இருக்கிறது. சிலுவையில் அசல் தீர்ந்தது.

மாதுங்கா_நெல்லையான்

வாஷி தம்பி சொன்ன அந்த "ஞாபகம்" என்பதைப் பிடித்துக்கொண்டு போனால் நிருபத்தின் மையத்துக்கே வந்துவிடலாம். என்னைக் கேட்டால், புதியது பழையதை மிஞ்சுவது மனச்சாட்சியில்தான். 9:9-இல் அந்தக் காணிக்கைகளும் பலிகளும் ஆராதிக்கிறவனுடைய மனச்சாட்சியைப் பூரணப்படுத்தக் கூடாதவை என்று இருக்கிறது. 9:14-இல் கிறிஸ்துவின் இரத்தம் மனச்சாட்சியைச் சுத்திகரிக்கும் என்று இருக்கிறது. 10:22-இல் துர்மனச்சாட்சி நீங்கத் தெளிக்கப்பட்ட இருதயத்தோடு சேருங்கள் என்று இருக்கிறது. பலி, ஆசாரியன், கூடாரம் என்று எதைப் பேசினாலும் நிருபத்தை எழுதினவர் திரும்பத் திரும்ப அங்கேயே வருகிறார்.

பாவநிவிர்த்தி நாளை மனதில் ஓட்டிப் பாருங்கள், லேவியராகமம் 16. ஏழாம் மாதம் பத்தாம் தேதி. பிரதான ஆசாரியன் தன் மகிமையான உடுப்பைக் கழற்றிவிட்டு வெறும் சணல்நூல் உடுப்பில் நிற்கிறான். முதலில் தன் பாவத்துக்காகவே ஒரு காளை. பிறகு இரண்டு வெள்ளாட்டுக்கடாக்கள்: ஒன்று பலிக்கு, மற்றொன்று ஜனங்களுடைய பாவத்தைத் தலையில் சுமந்து வனாந்தரத்துக்கு. அவன் திரைக்கு உள்ளே மகா பரிசுத்த ஸ்தலத்துக்குப் போகும்போது தூபப்புகை கிருபாசனத்தை (உடன்படிக்கைப் பெட்டியின் மூடியை) மூட வேண்டும், இல்லாவிட்டால் சாவான். வருஷத்தில் அந்த ஒரே நாள், அந்த ஒரே மனுஷன். மற்ற எல்லாரும் திரைக்கு வெளியே. அடுத்த வருஷம் மறுபடியும் முதலிலிருந்து. இதில் ஒரு அருமையும் இருக்கிறது, மறுக்கவில்லை. பரிசுத்தம் என்றால் என்ன என்று அந்த ஜனங்களுக்குத் தெரிந்திருந்தது. நமக்கு அந்தப் பயபக்தி குறைந்துபோனது என்று எனக்கு வருத்தம் உண்டு.

ஆசரிப்புக்கூடாரத்தில் மேசை உண்டு, குத்துவிளக்கு உண்டு, தூபபீடம் உண்டு. ஆசாரியன் உட்கார ஓர் ஆசனம் கிடையாது. எந்த ஆசாரியனும் நாடோறும் நிற்கிறவனாக ஆராதனை செய்கிறான், கிறிஸ்துவோ ஒரே பலியைச் செலுத்தி தேவனுடைய வலதுபாரிசத்தில் உட்கார்ந்தார் என்று 10:11-12 சொல்வது இதைப் பார்த்துத்தான். அவர் உட்கார்ந்த பிறகு, நாம் எதையாவது கொடுத்து முடிக்க வேண்டிய பாக்கி இருக்கிறது என்று யாரும் சொல்லக் கூடாது.

ஃபோர்ட்_ஆஃபீஸ்

இந்த இழையை ஆர்வத்தோடு வாசிக்கிறேன். ஒரு விஷயம் உறுத்துகிறது, சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆபீஸ் காலா கோடா பக்கம். 1884-இல் கட்டிய நீல நிற யூத ஜெப ஆலயத்தைத் தாண்டித்தான் தினமும் போகிறேன். மஸ்ஜித் பந்தர் பக்கம் இன்னும் பழையது ஒன்று இருக்கிறது, 1796-இல் சாமுவேல் எசேக்கியேல் திவேகர் கட்டியது. பெனே இஸ்ரவேல் என்கிற யூதச் சமூகத்து மக்கள் கொங்கண் கிராமங்களில் எண்ணெய் ஆட்டிப் பிழைத்தவர்கள். சனிக்கிழமை செக்கு ஓட்டமாட்டார்கள் என்பதால் ஊரார் அவர்களைச் "சனிவார் தேலி" என்றே கூப்பிட்டார்கள். எத்தனையோ தலைமுறை தங்கள் ஜனத்திலிருந்து தூரமாக இருந்தும் ஓய்வுநாளை விடவில்லை. என்னோடு வேலை செய்த ஒரு பெரியவர் அந்தச் சமூகம். யோம் கிப்பூர் (அண்ணாச்சி சொன்ன பாவநிவிர்த்தி நாள்) அன்று தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்.

பழையது உருவழிந்துபோகிறது என்று எபிரெயர் 8:13-ஐ நாம் வாசிக்கும்போது அந்தப் பெரியவருடைய விசுவாசத்தை என்ன செய்கிறோம்? எரேமியாவின் வாக்குத்தத்தமும் இஸ்ரவேல் குடும்பத்தோடும் யூதா குடும்பத்தோடும் என்றுதானே இருக்கிறது?

செம்பூர்_மறைக்கல்வி

நல்ல கேள்வி அண்ணா, இதைக் கேட்காமல் எபிரெயர் நிருபத்தைப் பேசவே கூடாது என்று நினைக்கிறேன். எங்கள் திருச்சபை இதில் நீண்ட தூரம் நடந்து வந்திருக்கிறது. 1965 அக்டோபர் 28-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் பிற சமயங்களைப் பற்றிய அறிக்கையை வெளியிட்டது. கிறிஸ்துவின் மரணத்துக்கான பழியை அன்றைய எல்லா யூதர்மேலும், இன்றைய யூதர்மேலும் சுமத்தக் கூடாது என்று அதில் தெளிவாகச் சொன்னார்கள். 1980 நவம்பரில் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் ஜெர்மனியில் மைன்ஸ் நகரத்து யூதர்களிடம் பேசும்போது, கடவுள் ஒருபோதும் திரும்பப் பெறாத பழைய உடன்படிக்கையின் மக்கள் என்று அவர்களைக் குறிப்பிட்டார். இரண்டுக்கும் அடியில் இருப்பது ரோமர் 11:29: தேவனுடைய கிருபைவரங்களும் அவர் அழைத்த அழைப்பும் மாறாதவை.

எபிரெயரும் ரோமரும் ஒரே வேதாகமத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதை நான் பாக்கியமாக நினைக்கிறேன். ஒன்றை மட்டும் வைத்திருந்தால் நாம் கோணலாகப் போயிருப்போம்.

மாதுங்கா_நெல்லையான்

அப்படிக் கோணலாகப் போனவர் சரித்திரத்திலேயே உண்டு. இரண்டாம் நூற்றாண்டில் மார்சியோன் என்பவர் பழைய ஏற்பாட்டின் தேவன் வேறு, இயேசுவின் பிதா வேறு என்று போதித்தார். லூக்காவை வெட்டிச் சுருக்கி, அதோடு பவுலின் பத்து நிருபங்களை மட்டும் வைத்துக்கொண்டார். 144-இல் ரோமாபுரிச் சபை அவரை விலக்கியது. "மேலானது" என்பதை "முந்தினது கெட்டது" என்று மாற்றினால் அங்கேதான் போய் நிற்போம்.

ஃபோர்ட் தம்பி, அந்தப் பெரியவரைப் பற்றிப் பவுல் ரோமர் 11:18-இல், இஸ்ரவேலை ஒலிவமரமாக வைத்து நமக்குச் சொன்னது: கிளைகளுக்கு விரோதமாகப் பெருமைபாராட்டாதே, நீ வேரைச் சுமக்கவில்லை, வேர் உன்னைச் சுமக்கிறது. புது உடன்படிக்கை இஸ்ரவேலோடு செய்யப்பட்டது என்பதில் சந்தேகமே இல்லை. கடைசி இராப்போஜனத்தில் மேசையைச் சுற்றி இருந்த பன்னிருவரும் யூதர்கள். தாமிரபரணிக் கரையிலிருந்து வந்த நாம் பிறகு ஒட்டவைக்கப்பட்டவர்கள். கிறிஸ்துவின் வழியாகவே பாவமன்னிப்பு என்பதை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். சனிக்கிழமை செக்கை நிறுத்தியவர்களைக் குறைவாகப் பேசுவதற்கும் எனக்கு அதிகாரம் இல்லை.

கல்யாண்_ஜெபவீடு

சரி. இன்னொரு பக்கத்தையும் பேசுங்கள். எல்லாம் அவர் செய்வார் என்று மட்டும் சொன்னால், இப்போதுள்ள பிள்ளைகள் எப்படியும் வாழலாம் என்று எடுத்துக்கொள்வார்கள். அதே எபிரெயர் 10:28-29-இல் மோசேயின் பிரமாணத்தைத் தள்ளினவன் இரண்டு மூன்று சாட்சிகளின்பேரில் சாவான், தேவகுமாரனைக் காலின்கீழ் மிதித்தவனுக்கு எவ்வளவு கொடிய ஆக்கினை என்று இருக்கிறது. புதியது இலகுவானது என்று யாரும் நினைக்கக் கூடாது.

மாதுங்கா_நெல்லையான்

நூற்றுக்கு நூறு சரி. அந்த எச்சரிப்பு யாருக்கு என்று பார்த்து வைக்க வேண்டும். இரத்தத்தை அசுத்தமென்று எண்ணி மிதித்துப் போகிறவனுக்கு அது. ஆண்டவரை விடாமல் பிடித்துக்கொண்டு பயந்து அழுகிற ஒரு தாய்மேல் அதை வீசக் கூடாது.

ஒழுக்கம் எங்கிருந்து வரும் என்றால், எரேமியா சொன்னபடி எழுதப்படுகிற இடம் மாறுகிறது. கல்லில் இருந்தது இருதயத்துக்குள் வருகிறது. எசேக்கியேல் 36:26-27 அதையே கல்லான இருதயத்தை எடுத்துப்போட்டு, ஆவியை உள்ளே வைத்து, என் கட்டளைகளில் நடக்கப்பண்ணுவேன் என்று சொல்கிறது. கட்டளை போகவில்லை, நடக்கிற பெலன் உள்ளே கொடுக்கப்பட்டது. கன்றுக்குட்டி செய்த நாளில் லேவி புத்திரரின் பட்டயத்தால் ஏறக்குறைய மூவாயிரம் பேர் விழுந்தார்கள் (யாத்திராகமம் 32:28). ஆவியானவர் இறங்கின பெந்தெகொஸ்தே நாளில் ஏறக்குறைய மூவாயிரம் பேர் சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள் (அப்போஸ்தலர் 2:41). எழுத்து கொல்லுகிறது, ஆவியோ உயிர்ப்பிக்கிறது என்று 2 கொரிந்தியர் 3:6 சொல்வதற்கு இந்த இரண்டு நாட்களையும் பக்கத்தில் வைத்துப் பிரசங்கம் செய்யக் கேட்டிருக்கிறேன். எத்தனை தடவை கேட்டாலும் உள்ளம் அசைகிறது.

90அடிரோடு

அண்ணாச்சி, அக்கா, எல்லாருக்கும் நன்றி. கலாத்தியர் 3-ஐயும் யோவான் 9-ஐயும் அம்மாவோடு வாசித்தோம். மல்கியா 2-ஐயும் வாசித்தேன். எபிரெயர் 12 இன்னும் பாக்கி.

ஒரு சந்தேகம். யாத்திராகமம் 24-ஐ முழுதாக வாசித்தபோது, 9 முதல் 11 வரை மூப்பர்கள் மலைமேல் தேவனைத் தரிசித்து, பின்பு புசித்துக் குடித்தார்கள் என்று இருக்கிறது. திரைக்கு வெளியேதான் எல்லாரும் என்றால், இவர்கள் எப்படி?

செம்பூர்_மறைக்கல்வி

எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது தங்கச்சி, பலர் தாண்டிப் போய்விடுவார்கள். மோசே, ஆரோன், நாதாப், அபியூ, எழுபது மூப்பர்: மொத்தம் 74 பேர். இரத்தம் தெளித்த கையோடு ஓர் உணவு. கடவுள் அவர்கள்மேல் கையை நீட்டவில்லை என்று 11-ஆம் வசனத்தில் ஆச்சரியத்தோடு எழுதியிருக்கிறது. உடன்படிக்கையின் நோக்கமே மனிதரோடு கடவுள் ஒரே மேசையில் அமர்வதுதான் என்று சீனாயிலேயே தெரிகிறது. ஆனால் மற்ற ஜனங்கள் மலையேறி வரக் கூடாது என்று அதே அதிகாரத்தின் இரண்டாம் வசனத்தில் கட்டளை இருக்கிறது.

லூக்கா 22:20-இல் இயேசு கிண்ணத்தை எடுத்து, இது என் இரத்தத்தினாலாகிய புதிய உடன்படிக்கை என்கிறார். மோசேயின் வார்த்தைகள்தான், இரத்தம் அவருடையது. மத்தேயு 26:27-இல் "நீங்கள் எல்லாரும் இதிலே பானம்பண்ணுங்கள்" என்கிறார். மலையடிவாரத்தில் நிறுத்தப்பட்டவர்கள் என்று இப்போது யாரும் இல்லை. எங்கள் திருப்பலியிலும் உங்கள் திருவிருந்திலும் அந்த வார்த்தைகள் சொல்லப்படும்போது அம்மாவும் கேட்பார்கள் அல்லவா, அது அவர்களுக்கும் சேர்த்துச் சொல்லப்படுகிறது. முதலில் எபிரெயர் 12:18-24, பிறகு யாத்திராகமம் 24, பிறகு லூக்கா 22 என்று இந்த வரிசையில் வாசியுங்கள். வாசித்துவிட்டு வேறு கேள்வி வந்தால் இங்கேயே எழுதுங்கள்.